எறும்பு நடந்த தட்டு

கோடு எப்படி வந்தது என்று பொடிசுக்குப் புரியவில்லை.

சளியைத் தட்டில் இழுப்பதற்கு ஒரு முறை உண்டு. உள்ளங்கை அகலத்தில் வட்டத் தட்டு. அதில் காய்ச்சி ஊற்றி உறையவைத்த, ரத்தம் கலந்த சிவப்புக் கூழ். கம்பி வளையத்தை நெருப்பில் பழுக்கக் காட்டி, ஆறவிட்டு, சளியைத் தொட்டு, தட்டின் ஒரு ஓரத்தில் நெருக்கமாகக் கோடு இழுக்க வேண்டும். மறுபடி வளையத்தைச் சுட்டு, அந்தக் கோடுகளின் வாலைத் தொட்டு அடுத்த பக்கம் இழுக்க வேண்டும். இப்படி நாலு தடவை. ஒவ்வொரு இழுப்பிலும் கிருமிகள் குறைந்துகொண்டே போய், நாலாவதில் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் தனித்தனியாக விழும். தட்டை உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். காலையில் வந்து பார்த்தால், தனியாக விழுந்த ஒவ்வொரு கிருமியும் கோடிக்கணக்காகப் பெருகி, குண்டூசித் தலை அளவுக்கு ஒரு பொட்டாக எழும்பியிருக்கும். வளையம் பட்ட இடத்தில்தான் பொட்டு வரும். படாத இடம் துடைத்துவிட்ட பலகை போல இருக்கும். சில கிருமிகள் படலமாகப் பரவுவது உண்டு. ஆனால் எந்தக் கிருமியும் வரிசை கட்டி நடக்காது.

பதினேழாம் தட்டில் அவை நடந்திருந்தன. வளையம் தொடாத வெற்றிடத்தில் சின்னச் சின்னப் பொட்டுகள், சம இடைவெளியில், தையல் போட்ட மாதிரி. கோடு நேராகப் போகவில்லை. வளைந்து, ஒரு தடவை தன்னையே சுற்றிக்கொண்டு, தட்டின் விளிம்புவரை போய், வழி இல்லை என்று திரும்பியிருந்தது.

பொடிசு என்பது வீட்டில் வைத்த பேர். வயது நாற்பத்தாறு ஆகிறது, காதோரம் நரைத்துவிட்டது. ஆனாலும் அப்பாவும் சித்தப்பாவும் அப்படிக் கூப்பிட்டே பழகிவிட்டார்கள். ஒருநாள் அவள் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்த சித்தப்பா, ஆஸ்பத்திரி ஆய்வகத்து வாசலில் நின்று, "ஏ பொடிசு" என்று குரல் கொடுத்தார். அன்றோடு அவளுடைய சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும் மிஞ்சியது.

இந்த மாதிரிக் கோட்டுக்கு ஆய்வகத்தில் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. எறும்பு. கூழில் ரத்தமும் சத்தும் இருப்பதால் எறும்புக்கு அது பெரிய விருந்து. மூடி இடுக்கு வழியாக நுழைந்து, சளியில் கால் வைத்து, அதே காலோடு சுத்தமான இடத்தில் நடந்தால் அடி பட்ட இடமெல்லாம் கிருமி விழும். காலையில் அது பொட்டுப் பொட்டாக எழும்பும். அவள் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே யாரோ சொல்லிவைத்த விளக்கம் இது. அப்படி ஒரு தட்டு வந்தால் பதிவேட்டில் 'எறும்பு, புதுச் சளி அனுப்பவும்' என்று எழுதிவிட்டுத் தட்டைக் கழிவு டிரம்மில் போட வேண்டும். பன்னிரண்டு மணிக்கு டிரம் நீராவி அடுப்புக்குப் போகும். அதற்குப் பிறகு தட்டில் எது இருந்தாலும் வெந்த சக்கைதான்.

அவளுக்குப் புரியாதது, எறும்பு எந்த வழியாகப் போகிறது என்பது. பெட்டியின் நாலு காலும் நாலு தண்ணீர்க் கிண்ணத்தில் நின்றன. பெட்டிக் கதவின் ரப்பரைப் போன மாதம்தான் மாற்றினார்கள். இத்தனை வருடத்தில் பெட்டிக்குள் ஒரே ஒரு எறும்பை, உயிரோடோ செத்தோ, யாரும் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ தட்டில் கோடு மட்டும் வரும்.

பதிவேட்டை எடுத்துப் பதினேழுக்கு நேராக 'எறும்பு' என்று எழுதினாள். எழுதிய பிறகு கை அங்கேயே நின்றது. பதினேழு, மூச்சுத்திணறலோடு நெஞ்சு வார்டில் கிடக்கும் சித்தப்பாவின் தட்டு. அந்த எழுத்தின் வளைவு, கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் இதே மாதிரி ஒருமுறை எழுதியிருக்கிறாள். பதினாலு மாதத்துக்கு முன்னால், அப்பாவின் தட்டுக்கு.

அப்பாவுக்கும் இதே மூச்சுத்திணறல்தான். இதே நெஞ்சு வார்டு, ஜன்னலோரக் கட்டில். இளைப்பு அவருக்குப் புதிது இல்லை; வருஷக்கணக்காக வந்து போய்க்கொண்டிருந்த விருந்தாளி. இந்தத் தடவை தங்கிவிட்டது. இளைப்பை அடக்குகிற ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். முதல் இரண்டு நாள் எழுந்து உட்கார்ந்து பேசினார். அப்புறம் வயிறு உப்பியது, காய்ச்சல் ஏறியது, சளியில் ரத்தம் வந்தது. சளியை வளர்ப்புக்கு அனுப்பினார்கள், அவள்தான் இழுத்தாள். காலையில் கோடு இருந்தது. எழுதினாள், போட்டாள், புது டப்பாவை எடுத்துக்கொண்டு வார்டுக்கு ஓடினாள். அப்பா இரண்டு தடவை இருமிப் பார்த்துவிட்டு, "இப்ப வரமாட்டேங்குது பொடிசு, சாயங்காலம் தர்றேன்" என்றார். சாயங்காலம் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. மறுநாள் மத்தியானம் போய்விட்டார். நுரையீரலில் சீழ், ரத்தத்தில் கிருமி என்று தாளில் எழுதியிருந்தது. எழுபது வயசு, இளமையில் செங்கல் சூளைத் தூசியைத் தின்ற உடம்பு என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அந்த டப்பாவை அவள் இன்னும் தூக்கிப் போடவில்லை. மேசையின் கீழ் இழுப்பறையில், மூடியில் அப்பாவின் எண்ணோடு, காலியாக இருக்கிறது.

தட்டை டிரம்மில் போட்டாள். புது டப்பாவை எடுத்துக்கொண்டு வார்டுக்கு நடந்தாள்.

சித்தப்பா தலையணைகளை முதுகுக்குக் கொடுத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்பவர் போல. மூக்கில் பிராணவாயுக் குழாய். நாலு நாளில் கன்னம் உள்ளே போய்விட்டது. வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"வாம்மா. உன் தட்டுல... எனக்கு என்ன மார்க்கு?"

"தட்டு வீணாப் போச்சு சித்தப்பா. இன்னொரு தடவை துப்பணும்."

"துப்பறதுக்கு... கேக்கணுமா?" ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மூச்சு வாங்கினார். "இருபத்தஞ்சு வருஷம்... செருப்புக் கடையில உக்காந்து... எத்தனை பேரைப் பாத்து அடக்கி வச்சிருக்கேன். எல்லாம் சேர்ந்து வரும். டப்பா தாங்குமா?"

அண்ணன் தம்பி இருவரும் சின்ன வயதில் சூளையில் மண் மிதித்தவர்கள். தண்ணீர் விட்டுக் குழைத்த களிமண்ணில் முழங்கால் புதைய, விடிந்ததிலிருந்து மத்தியானம்வரை. செருப்புப் போட்டால் மண் இழுத்துக்கொண்டு போய்விடும், அதனால் வெறுங்கால். மண்ணில் கிடக்கிற கல், அச்சில் அறுக்கும்போது கையில் தட்டுப்படக் கூடாது, மிதிக்கும்போதே காலில் தட்டுப்பட வேண்டும் என்பார் மேஸ்திரி. பத்து வருடம் அப்படி மிதித்தார்கள். பிறகு அப்பா ஒரு கிடங்குக்குக் காவலாளாகப் போனார், சித்தப்பா செருப்புக் கடைக்குப் போனார். "பத்து வருஷம் என் காலுக்குச் செருப்பில்ல, அதுக்கு வட்டியா ஊரான் காலுக்கெல்லாம் நான் மாட்டி விட்டேன்" என்று அவர் சொல்லாத நாள் கிடையாது.

டப்பாவில் துப்பிவிட்டு இடுப்பைச் சொறிந்தார். நகம் பட்ட இடம் சிவந்திருந்தது.

"என்ன சித்தப்பா, கொசுவா?"

"ரயிலு."

அவளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றது. அந்த வார்த்தையைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது.

ரயில் அவர்கள் குடும்பத்துச் சொத்து. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இடுப்பிலோ தொடையிலோ, மாசத்துக்கு ஒரு தடவை, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, சிவப்பாக ஒரு கோடு கிளம்பும். தடித்து, அரிப்பெடுத்து, நெளிந்து நெளிந்து நகரும். கண் முன்னால் நகர்வது தெரியாது. ஆனால் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நாலு விரல்கடை தள்ளிப் போயிருக்கும். ஒருநாள் இரண்டுநாள் ஓடிவிட்டு மறைந்துவிடும். சூளைச் சூடு தோலில் தங்கிவிட்டது, அதுதான் ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டார்கள். வலி இல்லாததால் எந்த டாக்டரிடமும் காட்டவில்லை. அரிப்புக்கு டாக்டரிடம் போகிற அளவுக்கு அவர்கள் வசதியாக ஒருநாளும் இருந்ததில்லை. ஏழு வயதில் அவளுக்கு அது விளையாட்டு. அப்பா சட்டையைத் தூக்கிக் காட்டுவார். கோட்டின் நுனியில் அவள் பேனாவால் ஒரு புள்ளி வைப்பாள். அது புறப்படுகிற ஸ்டேஷன். கொஞ்சம் தள்ளி இன்னொரு புள்ளி. அது அவள் பள்ளிக்கூடம். அதற்கும் அப்பால், தொப்புளுக்குப் பக்கத்தில், கடல். வீட்டுப்பாடம் முடித்துவிட்டு ஓடிவந்து பார்ப்பாள். "பள்ளிக்கூடம் தாண்டிருச்சுப்பா." "பாத்தியா, உனக்கு முன்னாடி போய்ச் சேந்துருச்சு. இன்னிக்கும் நீதான் லேட்டு." கடலுக்கு அது ஒரு தடவைகூடப் போய்ச் சேர்ந்ததில்லை.

சித்தப்பாவின் சட்டையை மெதுவாகத் தூக்கினாள். ஒரு கோடு இல்லை. இடுப்பிலிருந்து விலாவரை ஆறேழு கோடுகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சில இடங்களில் ஊதாப் புள்ளிகளாகச் சிதறி.

"ஊசி போட ஆரம்பிச்சதுலேர்ந்து... ஜங்ஷன் ஆயிருச்சு" என்றார் சித்தப்பா. பிறகு குரல் தணிந்தது. "உங்கப்பனும் கடைசியில இதைத்தான் சொன்னான். எல்லா வண்டியும்... ஒரே நேரத்துல கிளம்பிருச்சுடா தம்பின்னான். காய்ச்சல்ல உளர்றான்னு நினைச்சேன்."

அவள் அந்தக் கோடுகளையே பார்த்தாள். வளைந்து, தன்னையே ஒரு தடவை சுற்றிக்கொண்டு, திரும்பும் கோடு. எங்கோ பார்த்த கையெழுத்து மாதிரி இருந்தது. எங்கே என்று உடனே பிடிபடவில்லை.

ஆய்வகத்துக்குத் திரும்பியபோது சமையல்காரர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கூழ் காய்ச்சி ஊற்றுகிற ஊழியர்தான் அவர். பானை, அடுப்பு, கரண்டி, தாளிக்காத குறை என்பதால் அந்தப் பேர். ஐம்பத்தெட்டு வயது, ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. அவர் சமையலைக் குறை சொன்னால் பொறுப்பார், எறும்பு என்று சொன்னால் பொறுக்கமாட்டார். ஏனென்றால் கிண்ணங்களுக்குத் தண்ணீர் விடுவது அவர் பொறுப்பு.

"தாயே, இது உன் கையெழுத்துதானே?"

"ஆமாண்ணே. கோடு வந்துருக்கு."

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எறும்பு ஊரக் கல்லும் தேயும்பாங்க. டேப்பும் தேயுமா?"

"என்ன டேப்பு?"

"போன வாரம் நீங்க எல்லாரும் சேர்ந்து என்னைக் கிண்டல் பண்ணீங்கல்ல, எறும்புக்குப் பந்தி போடறவன்னு. அன்னிலேர்ந்து நீங்க பெட்டிக்குள்ள வைக்கிற ஒவ்வொரு தட்டுக்கும், வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி நான் விளிம்பைச் சுத்தி டேப் ஒட்டிட்டுத்தான் போறேன். காத்துப் போக ஊசி முனை அளவுக்குத்தான் இடம். காலையில அதைப் பிரிச்சது யாரு? நானா?"

பொடிசு தன் மேசையைப் பார்த்தாள். வெள்ளை டேப்புச் சுருள்கள், காலையில் அவளே பிரித்து எறிந்தவை, ஆப்பிள் தோல் மாதிரி குவிந்து கிடந்தன. பிரித்திருக்கிறாள். கை அதன் வேலையைச் செய்திருக்கிறது, கண் அதன் வேலையைச் செய்திருக்கிறது, இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மூடிய தட்டுக்குள் எறும்பு போக முடியாது. அப்படியானால் நடந்தது வெளியேயிருந்து வந்தது இல்லை. சளியோடு உள்ளே போனது.

கடிகாரம் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் காட்டியது.

"டிரம் எங்கண்ணே?"

"அடுப்படிக்குப் போயிருச்சு. ஏன்?"

அவள் ஓடியதை அந்த நடைக்கூடத்தில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. நீராவி அடுப்பின் வாய் திறந்திருந்தது, டிரம் பாதி உள்ளே இருந்தது. "நிறுத்துங்க" என்று மட்டும் சொன்னாள். கையுறை போட்டு, மேலிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினாள். பதினேழு கீழே, தலைகுப்புற, மூடி விலகாமல் கிடந்தது.

தட்டை அப்படியே உருப்பெருக்கியின் கீழே வைத்தாள். தட்டுகளை அங்கே யாரும் வெறும் கண்ணால்தான் பார்ப்பார்கள். பொட்டு போதுமான அளவு பெரிது; கிருமிக்குக் கோடி மடங்கு பெருக்கம் தட்டே கொடுத்துவிடுகிறது, லென்சு எதற்கு என்பது வழக்கம். மிகக் குறைந்த பெருக்கத்தில் கோட்டைப் பிடித்து, பொட்டிலிருந்து பொட்டுக்குத் தட்டை நகர்த்திக்கொண்டே போனாள், சாலையில் ஆளைத் தேடிப் போகிற மாதிரி. கோட்டின் கடைசிப் பொட்டுக்கு அப்பால், கூழ் பளபளத்த இடத்தில், அது இருந்தது. அரை மில்லிமீட்டர் நீளம் இருக்கலாம். மயிரிழையில் நாலில் ஒரு பங்கு தடிமன். கண்ணாடி நூல் போல உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தது. இடமும் வலமுமாக உடம்பைச் சொடுக்கி அது நகர்ந்தது. நகர்ந்தபோது தோலில் ஒட்டிய கிருமிகளை வழியெல்லாம் உதிர்த்திருக்கும். அது நடந்துபோன பாதையில் ராத்திரி முழுக்கக் கிருமி முளைத்திருக்கிறது. காலையில் அவள் பார்த்தது காலடிச் சுவடு. நடந்தவர் எப்போதும் தட்டிலேயே இருந்திருக்கிறார்; யாரும் கூப்பிட்டுப் பார்க்கவில்லை.

அவளுக்கு இது தெரியாமல் இல்லை என்பதுதான் கொடுமை. படிக்கும்போது இந்தப் புழுவின் வாழ்க்கையைப் படமாக வரைந்திருக்கிறாள். நடுவில் ஒரு மனித உருவம், சுற்றி அம்புக்குறிகள். புழு ஈர மண்ணில் இருக்கும். ஒதுங்கிய மனிதர்களின் மலத்திலிருந்து அங்கே வந்திருக்கும். வெறுங்கால் கிடைத்தால் தோலைத் துளைத்து உள்ளே போகும். ரத்தத்தில் ஏறி, நுரையீரலுக்கு வந்து, மூச்சுக்குழாயில் மேலே ஊர்ந்து, சளியோடு தொண்டைக்கு வரும். நாம் விழுங்குவோம். குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே சுவருக்குள் புதைந்துகொண்டு முட்டையிடும். ஆண் புழு தேவையில்லை, ஒற்றைத் தாயே போதும். முட்டை அங்கேயே பொரியும், குஞ்சுகள் மலத்தோடு வெளியேறும். மற்றக் குடற்புழுக்களுக்கு அத்தோடு கதை முடிந்துவிடும். வெளியே போனது இன்னொரு ஆளைத் தேடிக்கொள்ள வேண்டும், வயிற்றில் இருக்கிற கிழடு சில வருடத்தில் செத்துப்போகும். இந்தப் புழுவுக்கு மட்டும் படத்தில் கூடுதலாக ஓர் அம்பு உண்டு. சில குஞ்சுகள் வெளியேறும் வழியிலேயே முற்றி, வாசற்படியிலிருந்து திரும்பி, குடல் சுவரையோ ஆசனவாய் ஓரத்துத் தோலையோ துளைத்து மறுபடி உள்ளே போய்விடும். இடுப்பில் சிவப்பாக ஓடுவது அதுதான். அது போய்க் கிழட்டின் இடத்தை நிரப்பும். அதன் பிள்ளை அதன் இடத்தை நிரப்பும். மண்ணை விட்டு நாற்பது வருடம் ஆனாலும், செருப்புப் போட்டாலும், நகரத்துக்குக் குடி வந்தாலும், ஒரே உடம்புக்குள் தலைமுறை தலைமுறையாக அது குடியிருக்கும். அந்த வளைந்த அம்பைச் சரியாகப் போட்டதற்கு அவளுக்கு முழு மார்க் கிடைத்தது. ஆனால் அது மலம் பார்க்கும் அறையின் பாடம். இருபத்திரண்டு வருடமாக அவள் சளி பார்க்கும் அறையில் இருக்கிறாள்.

உடம்பு அதைக் கொல்லவும் முடியாமல், வளரவும் விடாமல், கூண்டுக்குக் காவல் நிற்கும். இரண்டு பேருக்கும் ஒரு சமாதானம் ஏற்பட்டுவிடும். எப்போதாவது ஓர் இளைப்பு, ஓர் அரிப்பு, ஒரு ரயில். இளைப்பு முற்றியது என்று ஸ்டீராய்டு கொடுத்தால், மருந்து முதலில் தூங்க வைப்பது அந்தக் காவலை. புழுக்கள் ஒன்றுக்கு ஆயிரமாகக் குடலைத் துளைத்துக்கொண்டு கிளம்பும், குடலில் இருக்கும் கிருமிகளைத் தோலில் ஒட்டவைத்துக்கொண்டு. ரத்தத்தில், நுரையீரலில், எங்கும். தட்டில் செய்ததையே உடம்புக்குள்ளும் செய்யும். நடந்த வழியெல்லாம் விதைத்துக்கொண்டு போகும்.

எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டது. அப்பா உளறவில்லை. அந்த வார்டிலேயே சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அவள் அழைத்து வந்த நெஞ்சு வார்டு டாக்டரம்மா லென்சில் கண் வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. எடுத்தபோது கண்ணைச் சுற்றி வளையம் பதிந்திருந்தது.

"அடுத்த ஊசி ரெண்டு மணிக்கு" என்றார். கைப்பேசியை எடுத்து வார்டுக்குப் பேசினார். "ஸ்டீராய்டு போடாதீங்க. ஆமா, அவருக்குத்தான். எடுத்து வச்சிருந்தா கீழ கொட்டிடுங்க." பிறகு பொடிசைப் பார்த்தார். "நாலு நாளா அதுக்கு வழி விட்டுட்டு இருந்திருக்கேன். இப்படிக் கோடு வந்தா நீங்க என்ன எழுதுவீங்க?"

"எறும்புன்னு எழுதுவோம் டாக்டர்."

"எப்பவுமேவா?"

"எங்க அப்பாவுக்கும் அப்படித்தான் எழுதினேன்."

சமையல்காரர் கழுவிக்கொண்டிருந்த பானையை வைத்துவிட்டுக் குழாயை மூடினார். டாக்டரம்மா கையுறையை விரல் விரலாகக் கழற்றினார்.

"உங்க அப்பாவுக்கும் அந்த ஊசியை எழுதினது நான்" என்றார். "செருப்பில்லாம வேலை பாத்தீங்களான்னு ஒரு கேள்வி. அதை நான் கேக்கல."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்த அறையில் பார்ப்பதற்கு வேறு எவ்வளவோ இருந்தன.

மருந்துக் கிடங்கில் புழுவைக் கொல்லும் மாத்திரை இருந்தது. எப்போதும் இருந்திருக்கிறது, சொறிக்குக் கொடுப்பதற்காக, கீழ்த்தட்டில். சித்தப்பாவின் எடை நாற்பத்தைந்து கிலோ. அதற்கு மூன்று மாத்திரை. மூன்றையும் ஒரே வாயில் போட்டு விழுங்கிவிட்டு, "இவ்வளவுதானா? இதுக்கா... நாலு நாளு குத்தினாங்க?" என்றார். ரத்தத்தில் ஏறிய கிருமிக்குத் தனியாகப் புட்டியில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. பிழைப்பாரா என்று பொடிசு டாக்டரம்மாவிடம் கேட்டாள். பாதிக்குப் பாதி என்று சொல்லலாம், அதற்கு மேல் சொன்னால் பொய் என்றார். உங்கள் அப்பாவுக்குக் கிடைக்காத ஒருநாள் இவருக்குக் கிடைத்திருக்கிறது என்றும் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். அது போய்த் தைத்த இடம் அவருக்குத் தெரிந்திருக்காது.

சாயங்காலம், கிளம்புவதற்கு முன், பதிவேட்டில் பதினேழுக்கு நேராக இருந்த எறும்பை அடித்தாள். பழைய பதிவேட்டையும் எடுத்து, பதினாலு மாதத்துக்கு முந்தைய பக்கத்தைத் திறந்தாள். பேனாவை வைத்தாள். அடிக்கவில்லை. அந்தத் தட்டு வெந்து போய்விட்டது. அதில் நடந்தது எது என்று இனி யாராலும் சாட்சி சொல்ல முடியாது. அவள் எழுதியது எழுதியபடியே இருக்கட்டும் என்று மூடினாள். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, பெட்டிக் கதவில், சமையல்காரரின் டேப்பாலேயே ஒட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். 'தட்டில் கோடு வந்தால் எறும்பு அல்ல. எறியாதே. உருப்பெருக்கியில் கோட்டின் முடிவுவரை பார். புழு இருந்தால் உடனே வார்டுக்குப் பேசு.' அதற்குக் கீழே, டாக்டரம்மா சொல்லி எழுதியது: 'மண்ணில் வெறுங்காலோடு வேலை செய்தவருக்கு ஸ்டீராய்டு கொடுக்குமுன் மலத்தை ஒரு தட்டில் வைத்து, டேப் ஒட்டி, இரண்டு நாள் பார். காத்திருக்க நேரம் இல்லையென்றால் முதலில் புழு மாத்திரையைக் கொடு.'

"நாலு வரிதானா தாயே" என்றார் சமையல்காரர்.

"நாலு வரிதாண்ணே."

வார்டில் ஜன்னல் வெளிச்சம் கட்டில் காலுக்கு வந்திருந்தது. சித்தப்பா கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் கேட்டார்.

"உங்கப்பனுக்கும்... இதேதானா?"

"இதேதான் இருக்கும் சித்தப்பா."

"அவன் தட்டுலயும் கோடு வந்துச்சா?"

பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். மூச்சு வாங்குகிற மனிதர், மறுமுறை கேட்டிருக்கமாட்டார்.

"வந்துச்சு. பாத்தேன். எறும்புன்னு எழுதித் தூக்கிப் போட்டுட்டேன்."

சித்தப்பா அவளைப் பார்க்கவில்லை, ஜன்னலையும் பார்க்கவில்லை. தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த, குதிகால் வெடித்த, அகலமான பாதங்கள். அப்பாவுக்கும் அதே பாதம்தான்.

"பேனா வச்சிருக்கியா?" என்றார்.

அவள் தன் மேலங்கிப் பையிலிருந்து எடுத்தாள். அவரே ஒரு கையால் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் அந்தக் கையையும் சேர்த்துப் பிடித்தாள். ஆறேழு கோடுகளில் புதிதாக, பளிச்சென்று சிவந்திருந்தது ஒன்று. விலா எலும்புக்குக் கீழே வளைந்து தொப்புளைப் பார்த்து நின்றது. அதன் நுனியில் ஒரு புள்ளி வைத்தாள். பக்கத்தில், சின்ன எழுத்தில், மணி எழுதினாள். ஐந்து இருபது.

"இது எந்த ஸ்டேஷன்?"

"பேரு இன்னும் வைக்கல சித்தப்பா."

இனிச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். தினமும் காலையில் வெறும் வயிற்றில் மூன்று மாத்திரை. தினமும் ஒரு சளித் தட்டு, டேப் ஒட்டி, உருப்பெருக்கியில் கோட்டின் முடிவுவரை. தட்டு இரண்டு வாரம் தொடர்ந்து சுத்தமாக வரும்வரை மாத்திரையை நிறுத்தக் கூடாது. மணிக்கு ஒரு தடவை புள்ளியைப் பார்க்க வேண்டும். கோடு புள்ளியைத் தாண்டியிருந்தால் புழு இன்னும் நடக்கிறது. புதுப் புள்ளி வைக்க வேண்டும். தாண்டாமல் இருந்தால், அது நின்றுவிட்டது.